எத்தனை எட்டில் எழும்பும்?

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி. பள்ளத்தூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போய்விட்டது என்று போன் வந்தது. மணி பதினொன்றரை. நானும் மின்வாரியத்தில் என்னோடு வேலை பார்க்கிற கேங்மேன் தம்பியும் மொபெட்டைச் செம்மண் பாதையில் இறக்கினோம். தூரத்தில் பாதையோரமாக இரண்டு கண் சிவப்பாக மினுங்கியது. லைட்டு அதன்மேல் நேராக விழுவதற்குள் ஆளைக் காணோம்.

"அண்ணே, முயலுண்ணே!" என்றான் தம்பி.

முயல்தான். ஆனால் அது போன தினுசுதான் எனக்கு மனதில் நின்றது. என் சின்ன வயதில் வெளிச்சத்தில் மாட்டிய முயல் இப்படிப் போகாது. கட்டிப்போட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். லைட்டைக் கண்ணில் அடித்துக்கொண்டே பின்பக்கமாக ஒருத்தன் போய்க் கம்பால் ஒரு தட்டு தட்டுவான், அவ்வளவுதான். இந்த முயலோ மொபெட்டுச் சத்தம் கேட்டபோதே பாதி முடிவு பண்ணியிருக்கிறது, வெளிச்சத்தின் ஓரம் பட்டதும் மீதியையும் முடிவு பண்ணிவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நாலரை மணிக்குக் கானாடுகாத்தானில் ஒரு வேலை. ஊர்க்கடைசியில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு. பங்காளிகள் எல்லாரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கும். பின்கட்டையும் தாண்டிச் சுற்றுச்சுவர் போட்ட தோட்டம், அதற்குள் ஒரு கம்பம், அதில் ஜம்பர் கம்பி அறுந்திருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், கம்பத்தடியில் ஒரு முயல் அருகம்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது, பட்டப்பகலில். என்னைப் பார்த்தது. வாயில் இருந்த புல்லை மென்று முடித்தது. எட்டி வைக்கிற காலடிக் கணக்கில் ஆறு எட்டு தூரம் வரைக்கும் போனேன். அப்புறம்தான் எழுந்து, ஓடக்கூட இல்லை, தத்தித் தத்திப் போய்ச் செடி மறைவில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டும் ஒரே சாதி முயல். ஒரே செம்மண், ஒரே மழை, ஒரே புல். நடுவில் அதிக தூரமும் இல்லை. ஒன்று முன்னூறு அடியில் பறக்கிறது, இன்னொன்று ஆறு எட்டு வரைக்கும் என்னை ஆளாகவே மதிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி லைன் பார்க்கப் போகிற நோட்டின் பின்அட்டையில் '6' என்று எழுதி வைத்தேன். அதற்கு முன்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தவன்தான். எழுதி வைக்க ஆரம்பித்தது அன்றிலிருந்து.

எட்டில் எண்ணுவது ஐயா கற்றுக்கொடுத்தது. ஐயா என்றால் என் அப்பாவைப் பெற்றவர். மானாவாரியில் கடலை போடுகிற சம்சாரி. தூரத்தை அடியிலோ கெஜத்திலோ சொல்லமாட்டார். கால் எட்டுதான் கணக்கு. கடலை பிடுங்கி முடித்த காட்டில் நாலைந்து பேர் வரிசை கட்டி நடப்பார்கள். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும், பின்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு போவேன். முயல் எழும்பினால் ஐயா முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை எட்டுல எழும்புச்சு?" முயல் கிடைத்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

அவருக்கு அது ஒரு நாடி பார்க்கிற மாதிரி. மூன்று எட்டில் எழும்பினால் இந்தக் காட்டில் ரொம்ப நாளாக யாரும் கால் வைக்கவில்லை என்பார். பதினைந்து எட்டுக்கு மேலே போனால், "எவனோ நமக்கு முந்திக்கிட்டான்" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு காட்டுக்கு நடப்பார். அவர் சொன்னது தப்பானதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பேரன் ஞாபகம் அப்படித்தான் இருக்கும், தாத்தா பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஐயாவுக்கு வளரி வீசத் தெரியும். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு வளரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிறை மாதிரி வளைந்த கட்டை, ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். சுழற்றி வீசினால் தரையை ஒட்டிப் போய்க் காலை அடிக்கும். தந்தத்தில் செய்த வளரிகூடச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிக்கு அதை வீசக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். கைதேர்ந்தவன் வீசினால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ் 1801-இல் சின்ன மருதுவுக்கு எதிரான படையிலேயே வந்தார் என்பது வேறு கதை, அதைப் பேச ஆரம்பித்தால் முயல் போய்விடும்.

ஐயா 100 கெஜமெல்லாம் வீசமாட்டார். முப்பது எட்டு அவருடைய எல்லை. அதனால் ஐந்து எட்டில் எழும்புகிற முயல் அவருக்குச் சாப்பாடு. இருபத்தைந்து எட்டில் எழும்புகிற முயல் வெறும் காட்சி. முயல் தன் ஓட்டத்தை வைத்து மட்டும் தப்பிப்பதில்லை. எப்போது எழும்புவது என்று எடுக்கிற முடிவில்தான் பாதி உயிர் இருக்கிறது.

இதற்கு ஐயா ஒரு சூத்திரம் வைத்திருந்தார்: "ஆளுக்குப் படுக்கும், நாய்க்கு எழும்பும்." மனுசனுக்குக் கண்தான் வேலை செய்யும், மூக்கு சும்மா. அதனால் ஆள் வந்தால் காதை முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதுதான் முயலுக்கு லாபம். காய்ந்த புல்லும் செம்மண்ணும் கலந்த நிறம், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நாய்க்கு மூக்கு. படுத்துக் கிடந்தாலும் மோப்பம் பிடித்து நேரே வந்து நிற்கும். அதனால் நாய் வாசம் அடித்தால் சீக்கிரமே கிளம்பிவிட வேண்டும். இன்னொன்றும் சொல்வார்: நேரே நடந்துகொண்டே இருப்பவனை முயல் போகவிட்டுவிடும், நடக்கிறவன் நின்றால்தான் அதற்குச் சந்தேகம் வரும். நான் இதைக் கம்பம் கம்பமாக நடந்து சோதித்திருக்கிறேன். கம்பியை அண்ணாந்து பார்க்க நின்றேன் என்றால், அந்த நொடியில் பக்கத்துப் புதரிலிருந்து ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடும். என்னைப் பொறுத்தவரை நான் கம்பியைப் பார்த்தேன். அதைப் பொறுத்தவரை நான் அதைத்தான் பார்த்தேன்.

மழை விட்ட மறுநாள் செம்மண்ணில் ஐயா காட்டிய தடம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. முயல் விடிகாலையில் படுக்கப் போகும்போது நேராகப் போய்ப் படுக்காது. கொஞ்ச தூரம் போகும், வந்த தடத்திலேயே திரும்பி வரும், அப்புறம் பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவி வேறு இடத்துக்குப் போகும். தடம் பிடித்து வருகிற நாய் வெறும் மண்ணில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். "பாருடா, கையெழுத்தைப் போட்டு அடிச்சிட்டுப் போயிருக்கு" என்றார் ஐயா.

அவரிடம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வாங்கி வந்த கன்னிச் சாதி வேட்டை நாய் ஒன்று இருந்தது. கருப்பி என்று பேர். நேர் ஓட்டத்தில் முயல் கருப்பிக்கு ஈடே இல்லை. ஆனால் முயல் நேராக ஓடினால்தானே. நாயின் மூச்சு பின்னங்காலில் படும்வரை ஓடிவிட்டுச் சட்டென்று ஒடித்துத் திரும்பும், கருப்பி நாலு பாகம் முன்னால் போய்ச் சறுக்கி நிற்கும். இப்படி நாலைந்து தடவை திருப்பினால் நாய்க்கு நாக்கு தள்ளிவிடும். ஐயா நாய்க்குப் பின்னாலேயே ஓடமாட்டார். முயல் முதலில் எழும்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதர் ஓரமாக நின்றுகொள்வார். தன் எல்லையை விட்டுப் போக முயலுக்கு மனசு வராது, வட்டம் போட்டு அங்கேயேதான் வரும். பயம் அதற்கு எவ்வளவோ வித்தை கற்றுக்கொடுத்திருக்கிறது. வீட்டு ஆசையை மட்டும் விடச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. காட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு அது வந்து சேர நாளானது. அப்பத்தா வைத்த முயல் குழம்பை நானும் தின்றவன்தான். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். ஒரு தடவை அடிபட்ட முயல் குழந்தை மாதிரி வீறிட்டது. மற்ற நேரத்தில் வாயே திறக்காத பிராணி அது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு போவதை நான் நிறுத்திக்கொண்டேன். குழம்பை நிறுத்த இன்னும் இரண்டு வருசம் ஆனது.

என் மகள் விலங்கியல் படித்தவள். நான் 'முயல்' என்று சொல்லும்போதெல்லாம் "எந்த முயல்ப்பா?" என்று நிறுத்துவாள். அவள் சொல்வது நியாயம்தான். நமக்கு எல்லாமே முயல். கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலின் சாதிக்குச் சொந்த ஊர் ஸ்பெயின் பக்கம். காட்டில் அது வளை தோண்டிக் கூட்டமாகக் குடியிருக்கும், குட்டி முடியில்லாமல் கண் மூடிப் பிறக்கும், ஆபத்து வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டி மற்றவற்றுக்குச் சொல்லிவிட்டு வளைக்குள் பாயும். நம் பொட்டல் முயல் வேறு. பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். வளை தோண்டாது, தனியாகத்தான் கிடக்கும். புல் ஓரத்தில் உடம்பு கொள்கிற அளவுக்கு ஒரு பள்ளம், அதுதான் வீடு. குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும்.

வளை உள்ள முயலுக்குப் பயம் என்பது வாசலுக்கும் தனக்கும் உள்ள தூரம். ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். அங்கே முயல் 1859-இல்தான் போய்ச் சேர்ந்தது. தாமஸ் ஆஸ்டின் என்ற நிலச்சுவான்தார் வேட்டையாடுவதற்காக 24 முயலை இறக்குமதி செய்து விட்டார், அது கண்டம் முழுக்கப் பெருகி, 1907-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல் வேலி போட்டு முடிக்கிற அளவுக்குப் போனது. நரியும் அதே மாதிரி வெள்ளைக்காரன் கொண்டுபோனதுதான். அந்த நரியை ஒரு பகுதியில் மட்டும் ஒழித்துவிட்டு முயல் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். மறைவை விட்டு வெகுதூரம் வெட்டவெளிக்குப் போய் மேய ஆரம்பித்துவிட்டன. நரி இருந்த பகுதியிலோ புதர் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன, தூரத்தில் நல்ல புல் இருந்தும்.

பொட்டல் முயலுக்கு ஓடி ஒளிய வாசலே கிடையாது. அதன் பாதுகாப்பெல்லாம் நேரத்திலும் இடத்திலும்தான் இருக்கிறது. எந்த நேரம் மேய்வது, எந்தப் பக்கம் நிழல், யார் வந்தால் படுப்பது, யார் வந்தால் ஓடுவது. அதனால்தான் மனுசனுடைய ஒவ்வொரு புது வழக்கமும் அதன் நடத்தையில் அப்படியே பதிகிறது.

ஐயாவுக்குப் பிறகு பேட்டரி லைட்டு வந்தது. அப்புறம் பைக்கும் தலையில் மாட்டுகிற லைட்டும். லைட்டுக்கு முன்னால் கட்டிப்போட்டது மாதிரி நின்ற முயல்கள் குழம்பாகிவிட்டன. "இப்ப உள்ள முயலுக்குப் புத்தி ஜாஸ்தி" என்று நான் சொன்னபோது மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "புத்தி வரலப்பா. நின்னதெல்லாம் செத்துப்போச்சு. ஓடினதுக்குத்தான் குட்டி." நான் விடவில்லை. ஒரு தடவை தப்பித்த முயல் மறுதடவை அந்த லைட்டைக் கண்டாலே ஓடாதா? "அதுவும் உண்டு" என்றாள். அப்புறம் மூன்றாவதாக ஒன்று சொன்னாள், அதுதான் என்னை உலுக்கியது.

கனடாவில் பனிமுயல் என்று ஒரு சாதி. ஏறத்தாழ பத்து வருசத்துக்கு ஒருமுறை ஏகமாகப் பெருகும், அப்புறம் விழும். அதைத் தின்கிற லின்க்ஸ் பூனையும் ஒரு எட்டு பின்னாலேயே பெருகி விழும். விந்தை என்னவென்றால், பூனைகள் குறைந்த பிறகும் முயல் உடனே பெருகுவதில்லை. ஏன் என்று பார்க்க, சினை முயல்கள் இருந்த அடைப்புக்குள் பழக்கிய நாயை ஒன்று விட்ட நாளில் ஓரிரு நிமிடம் மட்டும் விட்டார்கள். நாய் எதையும் தொடவில்லை, கடிக்கவில்லை. அதிலேயே பயந்த தாய்களில் குட்டி ஈன்றவை குறைந்தன. பிறந்த குட்டிகளும் எடையிலும் நீளத்திலும் சிறுத்துப் போயின. காட்டில் பார்த்தபோதும், பயத்தில் சுரக்கிற நீர் தாய்க்கு ஏறியிருந்தால் குட்டிக்கும் ஏறியிருந்தது. பூனை போன பிறகும் பூனைப் பயம் அடுத்த தலைமுறையில் மிச்சமிருக்கிறது.

முயலை விடுங்கள், குருவிக் கணக்கு ஒன்று உண்டு. அதே கனடாவில், கூடுகளைச் சுற்றி வலையும் மின்வேலியும் போட்டு எந்தப் பிராணியும் அண்ட முடியாமல் செய்துவிட்டு, வல்லூறு, காக்கை, ரக்கூன் இவற்றின் சத்தத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். 2011-இல் வந்த முடிவு: சத்தத்தை மட்டும் கேட்ட குருவிகள் அந்தப் பருவத்தில் வளர்த்தெடுத்த குஞ்சு 40 சதவீதம் குறைவு.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே எங்கள் ஊர் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. விடிய விடிய. நான் சின்னப் பையனாக இருந்தபோது கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து நரி ஊளை கேட்கும், அப்பத்தா கோழிக்கூட்டுக் கதவை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பாள். இப்போது நரி ஊளையே இல்லை. அதற்குப் பதில் கறிக்கடைக் கழிவு தின்று கொழுத்த நாய்க் கூட்டம் ஊருக்கு ஒன்று, ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒன்று. அவை பிடிக்கிற முயல் எத்தனை இருந்துவிடப் போகிறது, கருப்பிக்கே தப்பித்த சாதி இது. ஆனால் பிடிக்கவே வேண்டாம் போலிருக்கிறதே, குரைத்தாலே போதும் போலிருக்கிறதே.

நரிக்கும் நாய்க்கும் முயல் வேறு வேறு மரியாதை வைத்திருப்பதாக இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். அந்தோணி ஹோலி என்பவர் வருசக்கணக்காக உட்கார்ந்து பார்த்தது. வெட்டவெளியில் நரி நெருங்கினால் அங்குள்ள முயல் ஓடுவதில்லை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, வெள்ளை வயிறு தெரிய நரியை நேருக்கு நேர் பார்க்கும். "உன்னைப் பார்த்துட்டேன், பதுங்கி வந்து பிரயோசனமில்லை" என்று அர்த்தம். நரியும் புரிந்துகொண்டு போய்விடும், ஏனென்றால் நரி பதுங்கிப் பிடிக்கிற சாதி, ஓட்டத்தில் முயலை ஜெயிக்காது. நாய்க்கு அப்படி நிற்பதில்லை. நாய் விரட்டிப் பிடிக்கிற சாதி, அதனிடம் பேச்சுவார்த்தை எடுபடாது. எதிரியிலும் பேசிப் பார்க்கிற எதிரி, பேச முடியாத எதிரி என்று இரண்டு உண்டு. நரியை விரட்டிவிட்டு நாயை நிரப்பியதில் நம் முயலுக்கு எந்த வகை எதிரி மிச்சம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மேலே வேறு எதிரி இருக்கிறது. திருமயம் மாதிரிப் பாறைக் குன்று உள்ள இடங்களில் கொம்பன் ஆந்தை குடியிருக்கும். நிலா வெளிச்சத்தில் செம்மண் பொட்டலில் நிழல் தெளிவாக விழும், அன்றைக்கு முயல் நடமாட்டம் மரத்தடியோடு சரி. ஐயாவும் வளர்பிறையில் ராத்திரிக் காட்டுக்குப் போகமாட்டார், அமாவாசையை ஒட்டித்தான் போவார். எனக்கும் இது பழகிவிட்டது. பௌர்ணமி ராத்திரி கரண்டு போனால் முயலை எதிர்பார்க்கவே மாட்டேன்.

பகலை நாமும் நாயும் எடுத்துக்கொண்டோம் என்றால், இரவு மட்டும் என்ன மிச்சம். ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. மனுசன் தொந்தரவு உள்ள இடத்தில் விலங்குகளின் இரவு நடமாட்டம் 1.36 மடங்காகிறதாம். துப்பாக்கியோடு போகிறவனுக்கும் சும்மா நடக்கப் போகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு பேரையும் விட்டு ஒதுங்குகின்றன. எங்கள் பக்கத்து முயல் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது. முன்பெல்லாம் பொழுது சாய்ந்ததும் பார்க்கலாம். இப்போது பன்னிரண்டு மணிக்கு மேல், பைக் சத்தமும் டீக்கடையும் அடங்கிய பிறகுதான் பாதைக்கு வருகிறது. இது என் இருபத்தெட்டு வருச ராத்திரி டூட்டி சொல்கிற கணக்கு.

நடுவில் ஒரு சம்பவம். போன வருசம் தம்பி லைன் வெட்டப் போன இடத்தில் இரண்டு முயல்குட்டியைத் தொப்பியில் போட்டு எடுத்து வந்துவிட்டான். "தாயைக் காணோம்ணே, அனாதையா கிடந்துச்சு." எனக்கு வந்த கோபத்தில் அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. தாய் வேண்டுமென்றேதான் பக்கத்தில் இருக்காது. அதன் வாசம் பட்டு நாயோ கீரியோ குட்டியிடம் வந்துவிடும். ஐரோப்பிய முயலில் பார்த்திருக்கிறார்கள், பொழுது சாய்ந்த பிறகு நாளுக்கு ஒரே தடவை வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். எடுத்த இடம் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டு, அவனைப் பின்னால் உட்காரவைத்து, இருட்டுவதற்குள் அதே கோரைப்புல் மடிப்பில் கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் அந்தப் பக்கம் போகவேண்டும் என்று இரண்டு பேருக்கும் அரிப்பு. போகவில்லை. நாங்கள் நடந்து போகிற தடமே நாய்க்குப் பாதை.

எல்லாம் பயமயம் என்றும் இல்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். சனங்கள் அதற்கும் முந்தியிருந்தே பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே கருவேல மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன நாரைகள். கீழே மாடு மேய்க்கிறவனை அவை லட்சியமே பண்ணுவதில்லை. அவற்றுக்கும் எட்டுக் கணக்கு உண்டு, அங்கே அது ரொம்பக் குறைவு.

கானாடுகாத்தான் தோட்டத்து முயலும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை, முயல் நுழையும், நாய் நுழையாது. அந்த ஒரு ஓட்டையின் அளவில் அதற்குப் பகல் திரும்பக் கிடைத்திருந்தது. அந்தப் பக்கம் வேலை வந்தால் நானே முந்திக்கொண்டு போவேன். நோட்டின் பின்அட்டையில் 6, 7, 5, 6 என்று இருக்கிறது. ஒரு தடவை 4. அன்றைக்குத் தம்பியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆவணியில் பங்காளிகளுக்குள் பேச்சு முடிந்து வீடு கைமாறியது. தங்கும் விடுதி ஆக்கப் போகிறார்களாம். பழைய வீட்டை இடித்துத் தேக்குத் தூணை விற்பதற்கு இது எவ்வளவோ மேல், அதில் எனக்கு வருத்தமில்லை. லாரி உள்ளே வரத் தோட்டத்துச் சுவரில் பன்னிரண்டடி அகலத்துக்குத் திறந்தார்கள். வேலையாட்களோடு இரண்டு நாயும் வந்து சோற்றுக்குத் தங்கிவிட்டது.

தற்காலிக இணைப்பு கொடுக்க ஐப்பசியில் போனோம். மழை விட்டிருந்தது, அருகம்புல் முழங்கால் உயரம். முயலைக் காணவில்லை. சரி, போய்விட்டது என்று தோட்டத்து வாசலில் ஏணியோடு நின்றேன், தோட்டத்தின் அந்தக் கடைசியில் நொச்சிப் புதருக்குள்ளிருந்து எழும்பிச் சுவர்த் திறப்பு வழியாக ஒரே பாய்ச்சல். முதுகுப் பிடரியில் கறுப்பு தெரிந்தது. ஏணியை வைத்துவிட்டு, நான் நின்ற இடத்திலிருந்து புதர் வரைக்கும் நடந்து எண்ணினேன்.

"எத்தனை எட்டுண்ணே?" என்றான் தம்பி.

"நாற்பத்தொண்ணு."

"நாம இன்னும் உள்ளேயே வரலையேண்ணே" என்றான். ஏணியை எடுத்துக் கம்பத்தில் சாத்தினோம்.